காய்ச்சல் விட்ட பிறகு காது அடைப்பும் தலைசுற்றலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். டாக்டர் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சல் வந்து போன பத்தாம் நாள் எனக்கு இடது காது போனது, கூடவே நடையும் போனது. நடை திரும்பிவிட்டது. காது பாதிதான் திரும்பியது. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள், சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்கள் என்று யாருக்குக் காது அடைத்தாலும் என்னிடம் போன் போட்டுக் கேட்கிறார்கள். சொன்னதையே சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். மருத்துவ விஷயங்கள் எனக்கு வைத்தியம் பார்த்த காது மூக்கு தொண்டை டாக்டரும், கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டும் சொல்லித் தெரிந்தவை, அப்புறம் நானே தேடிப் படித்தவை. அவசரத்தில் இருப்பவர்கள் முதல் கேள்வியை மட்டும் படித்துவிட்டு டாக்டரிடம் கிளம்பலாம். மீதியை வந்து படித்துக்கொள்ளலாம்.

காய்ச்சல் விட்டுவிட்டது. ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துக்கொண்டது. எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

பொறுத்துப் பார்க்காதீர்கள். சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ ஒரு காது மந்தமாகிவிட்டால் அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே காதைக் காட்ட வேண்டும்.

காரணம் இதுதான். அடைப்பு இரண்டு விதம். ஒன்று, காதில் குறும்பி சேர்ந்தோ சளி இறங்கியோ சத்தம் உள்ளே போக வழியில்லாமல் போவது. இது வழி அடைப்பு. இன்னொன்று, சத்தம் உள்ளே போகிறது, அதை வாங்கி மூளைக்கு அனுப்பும் உள்காதோ நரம்போ அடிபட்டுவிட்டது. இது நரம்புக் கோளாறு. அனுபவிக்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், பஞ்சு வைத்து அடைத்தது போல. முதலாவது நாலு நாள் தாமதமானாலும் மோசமில்லை. இரண்டாவதற்கு உள்ள முக்கிய மருந்து ஸ்டீராய்டு. அது முதல் சில நாளில் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும், இரண்டு வாரம் தாண்டிவிட்டால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும்.

நான் ஒன்பது நாள் விட்டேன். முதலில் போன இடத்தில் காதுக்குள் டார்ச் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. "சளிதான் சார், இறங்கிரும்" என்று சொட்டு மருந்து எழுதினார்கள். அதைக் கேட்க எனக்கும் ஆறுதலாக இருந்தது. தை மாதம், கல்யாண ஜவுளி கூட்டம், கடையை விட்டு நகர முடியாது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். தப்பில் பாதி அவர்களுடையது, பாதி என்னுடையது.

எந்த வகை அடைப்பு என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஒரு சின்ன சோதனை உண்டு. முதலில் நன்றாக இருக்கும்போது செய்து பாருங்கள். ஒரு காதை விரலால் இறுக அடைத்துக்கொண்டு வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகுங்கள். சத்தம் அடைத்த காதில் பெரிதாகக் கேட்கும். வழி அடைப்பு இப்படித்தான் நடந்துகொள்ளும்.

இப்போது காது நிஜமாகவே அடைத்திருக்கிறது. விரலை எடுத்துவிட்டு அதே மாதிரி முனகுங்கள். சத்தம் அடைத்த காதுப் பக்கம் கேட்டால் குறும்பியாகவோ சளியாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதுப் பக்கமே கேட்டால் நரம்பாக இருக்கலாம், ஓடுங்கள். எனக்கு முழுக்க வலது பக்கம்தான் கேட்டது, ஆனால் அப்போது இந்த வித்தை எனக்குத் தெரியாது. டாக்டர் இதையே ஒரு இரும்புக் கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்துச் செய்வார். ஒரு நிமிடம்கூட ஆகாது.

சளிப் பக்கம் என்று வந்தாலும் காட்டத்தான் வேண்டும். முனகலை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

காதுக்கும் தலைசுற்றலுக்கும் என்ன சம்பந்தம்?

கொத்தனார் கையில் ரசமட்டம் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் குழலில் திரவம் அசைவதை வைத்துச் சுவர் சாய்கிறதா என்று சொல்வார். உள்காதில் அது மாதிரி மூன்று அரைவட்டக் குழல்கள் மூன்று திசையில் பொருத்தியிருக்கிறது. தலையைத் திருப்பினால் உள்ளே இருக்கும் திரவம் பின்தங்கி அசையும், அங்குள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் அதை உணர்ந்து சொல்லும். அதற்கு ஒட்டினாற்போல் நத்தைக்கூடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட இன்னொரு உறுப்பு, அதுதான் கேட்பதற்கு. இரண்டுக்கும் திரவம் பொது. இரண்டின் செய்தியும் எட்டாவது மூளை நரம்பு வழியாகப் போகிறது. முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. இது பின்னால் அக்கி பற்றிச் சொல்லும்போது வரும்.

ஆக, வைரஸ் எங்கே உட்கார்ந்தது என்பதைப் பொறுத்துத் தொந்தரவு மாறும். சமநிலை நரம்பு மட்டும் வீங்கினால் வீடு சுற்றும், காது நன்றாகக் கேட்கும். இதை வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் என்கிறார்கள். உள்காதே பாதித்தால் சுற்றலும் வரும், காது கேட்பதும் குறையும், இரைச்சலும் வரும். அது லேபிரிந்தைட்டிஸ். சுற்றலே இல்லாமல் காது மட்டும் போவதும் உண்டு. சீட்டில் இந்தப் பெயர்களைப் பார்த்துப் பதற வேண்டாம்.

எந்த வைரஸ் என்று பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. சில வைரஸ்கள் நேராக உள்காதைத் தாக்கும். சில, சின்ன வயதில் உடம்புக்குள் வந்து நரம்பு முடிச்சில் வருடக்கணக்கில் தூங்கிவிட்டு, உடம்பு அசந்த நேரம் விழித்துக்கொள்ளும். கொரோனாவுக்குப் பிறகு காது போனவர்கள் பற்றியும் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

அந்தச் சுற்றல் எப்படி இருக்கும்? எனக்கு வருவது அதுதானா?

டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "உங்களுக்குத் தலை சுத்துதா, வீடு சுத்துதா?" நல்ல கேள்வி. எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருவது வேறு, பசியில் கிறுகிறுப்பது வேறு. இது வீடு சுற்றுவது.

எனக்கு விடியற்காலை நாலரை மணி. தண்ணீர் குடிக்க எழுந்தேன். மின்விசிறி நின்றுதான் இருந்தது, ஆனால் அதன் மூன்று இறக்கையும் வலது பக்கமாக நழுவி நழுவி ஓடின. ஓடி முடித்து மறுபடி அதே இடத்திலிருந்து ஓடின. கதவைப் பிடிக்கக் கை நீட்டினேன், கதவு இருந்த இடத்தில் இல்லை. இடது தோள் நிலையில் மோதியது. தரையில் உட்கார்ந்ததும் வாந்தி. மனைவி லைட்டைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து, "ஏங்க, உங்க கண்ணு ஏன் இப்படி ஆடுது?" என்றாள். கருவிழி ஒரு பக்கமாக இழுத்து இழுத்து ஓடுவதுதான் இதன் அடையாளம். டாக்டர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். கூட இருப்பவர் போனில் முப்பது விநாடி வீடியோ எடுத்து வைத்தால் பிறகு உபயோகப்படும்.

கடுமையான சுற்றல் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள். அதன் பிறகு சில வாரம் தள்ளாட்டம். தலையை அசைக்காமல் படுத்திருந்தால் குறையும், அசைத்தால் கூடும்.

இது பித்தம்தானே?

என் அத்தையும் அதையேதான் சொன்னார்கள். இஞ்சிச்சாறு கொடுத்தார்கள், குடித்தேன், அதுவும் வாந்தியில் போனது. நம் ஊரில் தலைசுற்றலுக்கு மூன்று காரணம்தான்: பித்தம், பிரஷர், சர்க்கரை. காது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. இஞ்சி கெடுதல் செய்யாது. பித்தம் என்று முடிவு கட்டி ஒரு வாரம் உட்கார்ந்திருப்பதுதான் கெடுதல்.

ஸ்ட்ரோக் இல்லை என்று எப்படித் தெரியும்?

வீட்டில் உட்கார்ந்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் முதல்முறை இப்படி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறேன், அதுவும் சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் இருப்பவர்கள் கட்டாயம். சுற்றலோடு இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் 108-க்கு அடியுங்கள்: பேச்சு குழறுவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, கை கால் மரத்துப்போவது அல்லது பலமிழப்பது, விழுங்க முடியாமல் போவது, இதுவரை வந்திராத கடுமையான தலைவலி அல்லது கழுத்து வலி, பிடித்துக்கொண்டும் உட்காரவோ நிற்கவோ முடியாமை. காதுக் கோளாறில் ஒரு பக்கம் சாய்ந்தாலும் சுவரைப் பிடித்து நின்றுவிடலாம்.

ஒரு வேடிக்கை. டாக்டர் உங்கள் தலையைப் பிடித்துச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பி, உங்கள் பார்வை அவர் மூக்கிலேயே நிற்கிறதா என்று பார்ப்பார். சுற்றல் நடந்துகொண்டிருக்கும்போது பார்வை நழுவி, பிறகு ஓடிவந்து ஒட்டினால் அது காதுப் பக்கம் கை காட்டுகிறது. நழுவாமல் அப்படியே நின்றால் டாக்டர் முகம்தான் மாறும், மூளையைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். கேட்கத் தலைகீழாக இருக்கும். இதைப் பழகிய கை செய்ய வேண்டும், வீட்டில் வேண்டாம். முதல் நாள் சிடி ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்தும் நிம்மதி அடைய முடியாது, சிறுமூளைப் பக்கத்து அடைப்பு அதில் தப்பிவிடலாம். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ கேட்பார்கள்.

ஆடியோகிராம் என்றால் என்ன செய்வார்கள்? வலிக்குமா?

காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து படமாக வரைகிற சோதனை. வலிக்காது. சத்தம் புகாத சின்ன அறை, காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும். எனக்கு வலது காதில் குயில் மாதிரி, பிறகு கொசு மாதிரி வரிசையாகக் கேட்டது. இடது காதுக்கு மாற்றினார்கள். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. மிஷின் நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியாக ஆடியாலஜிஸ்ட்டைப் பார்த்தேன். அந்தப் பெண் பிள்ளை என்னைப் பார்க்காமல் பேப்பரையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

படத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. மேலே இருந்தால் நல்ல காது, கீழே இறங்க இறங்க மந்தம். 25 டெசிபல் வரை சாதாரணம் என்று வைத்துக்கொள்ளலாம். என் நீலக் குறிகள் 75-இல் கிடந்தன. மூன்று மாதம் கழித்து 50-க்கு ஏறின, அங்கேயே நின்றுவிட்டன.

காது மட்டும் ஒரு பக்கம் போயிருந்தால் பிறகு எம்ஆர்ஐ ஒன்றும் எடுக்கச் சொல்வார்கள். நரம்பில் கட்டி இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். அப்படிக் கட்டி இருப்பது அரிது, பயப்படாமல் எடுத்துவிடுங்கள்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில், அதாவது பெரியாஸ்பத்திரியில், காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. காலையில் ஓபி சீட்டு எடுத்துப் போகலாம். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தனியே பஸ் ஏற வேண்டாம், சுற்றலோடு கூட்டத்தில் இறங்குவது ஆபத்து.

ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது.

எனக்கும் இருந்தது. குறுகிய காலத்துக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிற மாத்திரை இது. பாதியில் நீங்களாக விடக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி நீங்களாக வாங்கவும் கூடாது. சர்க்கரை இருப்பவர்களுக்கு அளவு ஏறும், அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கும், மாத்திரை பலிக்காதவர்களுக்கும் செவிப்பறை வழியாகக் காதுக்குள்ளேயே ஊசியில் மருந்து விடுகிறார்கள். கேட்கப் பயங்கரமாக இருக்கிறது, ஆனால் மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் போடுவார்கள். எனக்கு மூன்று போட்டார்கள். தொண்டைக்குள் கசப்பாக ஏதோ இறங்கியது, ஒரு நிமிடம் சுற்றியது, அவ்வளவுதான்.

எல்லோருக்கும் பலிக்குமா என்றால், இல்லை. மருந்தே இல்லாமல் திரும்பி வருகிறவர்களும் உண்டு. எல்லாம் செய்தும் வராதவர்களும் உண்டு. வயதானவர்களுக்கும், காது முழுக்கப் போனவர்களுக்கும், கூடவே கடும் சுற்றல் வந்தவர்களுக்கும் திரும்புவது கொஞ்சம் கஷ்டம்.

சுற்றலுக்கு ஸ்டெமெட்டில் மாத்திரை கொடுத்தார்கள், நன்றாக வேலை செய்தது. எத்தனை நாள் போடலாம்?

முதல் இரண்டு மூன்று நாள். இதில் நான் கண்டிப்பானவன். சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் போடுகிறவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். மெடிக்கலில் கேட்டவுடன் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு பக்க ரசமட்டம் கெட்டுவிட்டால், மூளை அந்தப் பொய்க் கணக்கைத் திருத்தி எழுதிக்கொள்ளும். அதற்குத் தலை அசைய வேண்டும், கண் தடுமாற வேண்டும், தவறு தெரிய வேண்டும். இந்த மாத்திரைகள் தவறையே மறைத்துவிடுகின்றன. வாந்தி நிற்கிற வரைக்கும் அது தேவை, அதற்குப் பிறகு அது தடை. ஸ்டெமெட்டிலை நீண்ட நாள் போட்டால் கை நடுக்கம், உடம்பு இறுக்கம் வருவதும் உண்டு, வயதானவர்களுக்கு முக்கியமாக. வாந்தி இருக்கும் நாட்களில் உப்புச் சர்க்கரைக் கரைசலோ இளநீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.

மாத்திரை இல்லை என்றால் வேறு எப்படிச் சரியாகும்? படுத்தே இருக்கலாமா?

படுத்தே இருந்தால் படுத்தே இருக்க வேண்டியதுதான். மூன்றாம் நாள் எழுந்து உட்கார வேண்டும், நாலாம் நாள் வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடக்க வேண்டும். இதற்கென்றே பயிற்சி இருக்கிறது, பிசியோதெரபிஸ்ட் அல்லது ஆடியாலஜிஸ்ட் சொல்லித் தருவார்கள்.

எனக்குத் தந்தது இப்படி. நாட்காட்டித் தாளைச் சுவரில் ஒட்டி, கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து, தேதி எண்ணிலிருந்து பார்வையை எடுக்காமல் தலையை இடம் வலமாக ஆட்ட வேண்டும். எண் மங்காமல் இருக்கும் வேகத்தில் தொடங்கி, மெல்ல வேகத்தைக் கூட்ட வேண்டும். பிறகு மேலும் கீழும். முதல் நாள் இருபது விநாடியில் குமட்டியது. கொஞ்சம் குமட்டினால்தான் பயிற்சி வேலை செய்கிறது என்று அர்த்தம், வாந்தி வரும் அளவுக்குப் போகக் கூடாது. அப்புறம் நின்றுகொண்டு, அப்புறம் தலையணை மேல் நின்றுகொண்டு.

மூன்றாவது வாரம் என்னை வெளியே நடக்கச் சொன்னார்கள். வீடு காமராசர் சாலைப் பக்கம் என்பதால் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தேன். முதலில் கைப்பிடிச் சுவருக்கு ஓரமாக, கை படும் தூரத்தில். நாலு அடி வைத்துத் தலையை வலப்பக்கம் திருப்பி நடு மண்டபத்தைப் பார்ப்பது, அடுத்த நாலு அடிக்கு இடப்பக்கம் திருப்பி ரோட்டில் கடைப் பலகையைப் படிப்பது. முதல் சுற்றில் எதிரே வாக்கிங் வந்த பெரியவர் விலகி நடந்தார், காலையிலேயே குடித்திருக்கிறான் என்று நினைத்திருப்பார். ஆறாவது வாரம் அதே பெரியவர் தானாக நின்று, "இப்ப நேரா நடக்குறீங்க தம்பி" என்றார். எனக்கு அதுதான் சர்டிபிகேட்.

இருட்டு எதிரி. சமநிலைக்கு மூளை காது, கண், பாதம் மூன்றையும் நம்புகிறது. ஒன்று கெட்டுப்போனால் மற்ற இரண்டும் தாங்கும். கரண்ட் போனால் கண்ணும் போயிற்று. அதனால் ராத்திரி பாத்ரூம் வழியில் ஒரு சின்ன பல்பு எரியட்டும். தலைக்குக் குளிக்கும்போது சோப்புக்காகக் கண்ணை மூடுவீர்கள், அந்த ஒரு நொடியில் விழுந்தவர்கள் உண்டு. முக்காலி போட்டு உட்கார்ந்து குளியுங்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது. ஒரு மாதம் கழித்து, படுக்கையில் புரண்டால் மட்டும் சுற்றுகிறது. வைரஸ் திரும்பிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் ஒரு பசையில் ஒட்டியிருக்கும். காதுக்கு அடிபட்ட பிறகு அவை கழன்று அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடுவது உண்டு. புரளும்போது, பரணில் பொருள் எடுக்க அண்ணாந்து பார்க்கும்போது, ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுற்றிவிட்டு நிற்கும். இதற்கு மாத்திரை வேண்டாம். டாக்டர் தலையை ஒரு வரிசையில் சாய்த்து, திருப்பி, எழுப்பி அந்தத் துகளைப் பழைய இடத்துக்கு உருட்டிவிடுவார். எப்லி முறை என்று பெயர். பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே தீர்ந்துவிடும். வருடக்கணக்கில் மாத்திரை தின்றுகொண்டிருந்த எங்கள் கடைத் தையல்காரருக்கு ஐந்து நிமிடத்தில் நின்றது. அவருக்குச் சந்தோஷத்தை விடக் கோபம்தான் அதிகம்.

காதில் நல்லெண்ணெய் காய்ச்சி விடலாமா?

வேண்டாம். நரம்புக்கு அது போய்ச் சேராது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். கொண்டை ஊசி, தீக்குச்சி, பட்ஸ் எதுவும் வேண்டாம்.

குறும்பி எடுக்கத் தண்ணீர் பீய்ச்சும்போது சிலருக்குத் தலை சுற்றும், அது வேறு விஷயம். உடம்புச் சூட்டுக்குத் தண்ணீர் சேராவிட்டால் உள்காதுத் திரவம் அசைந்துவிடுகிறது. வியன்னாவில் ராபர்ட் பாராணி என்ற டாக்டர் நோயாளிகளுக்குக் காது கழுவும்போது இதைக் கவனித்துத்தான் சமநிலை உறுப்பைச் சோதிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு. அறிவிப்பு வந்தபோது ரஷ்யர்களிடம் போர்க்கைதியாக இருந்தார். எனக்கும் அந்தச் சோதனை செய்தார்கள். வலது காதில் குளிர்ந்த நீர் விட்டதும் வீடு சுற்றியது. இடது காதில் விட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. சுற்றாததைப் பார்த்து அழுகை வந்தது அன்றைக்குத்தான்.

பிள்ளைக்குப் புட்டாளம்மை வந்துபோனது. காதைப் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். பொன்னுக்கு வீங்கி என்றும் சொல்வோம், கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வீக்கம் இறங்கும் என்று போட்டுவிடுவார்கள். சங்கிலி இருந்துவிட்டுப் போகட்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் வராது, சிலருக்கு மட்டும் ஒரு காது முழுக்கப் போய்விடும். பெரும்பாலும் ஒரு காதுதான், அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. கூப்பிட்டால் திரும்புகிறான், பாட்டுக் கேட்கிறான், படிக்கிறான். எட்டு வயதில் போனை அந்தக் காதில் வைத்துவிட்டு "அத்தை பேசவே மாட்டேங்குறாங்க" என்று சொல்லும்போதுதான் வீட்டுக்குத் தெரியும். வீக்கம் வடிந்ததும் இரண்டு காதிலும் தனித்தனியே போன் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சந்தேகமாக இருந்தால் ஆடியோகிராம்.

தடுப்பூசி விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. 2017-இல் பள்ளிக்கூடங்களில் எல்லாம் போட்டார்களே, அந்த எம்ஆர் ஊசி தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும். புட்டாளம்மை அதில் சேரவில்லை. மூன்றுக்கும் சேர்ந்தது எம்எம்ஆர், குழந்தை டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ருபெல்லா ஊசியை லேசாக நினைக்காதீர்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு ருபெல்லா வந்தால் குழந்தை காது கேட்காமல் பிறக்கலாம்.

காது மடலில் கொப்புளம், தாங்க முடியாத வலி, வாய் கோணுகிறது. அக்கி என்கிறார்கள்.

அக்கியேதான். சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ் முக நரம்பு முடிச்சில் தூங்கி எழுந்து வருவது. முக நரம்பும் காது நரம்பும் பக்கத்து வீடு என்றேன் அல்லவா, அதனால் முகவாதம், கேட்காமை, சுற்றல் மூன்றும் சேர்ந்து வரலாம். ஜேம்ஸ் ராம்சே ஹன்ட் என்ற நரம்பியல் டாக்டர் 1907-இல் இதை எழுதினார், அவர் பெயரிலேயே சொல்கிறார்கள்.

நம் பக்கம் அக்கிக்கு மண்பானை செய்யும் வேளார் வீட்டில் போய்க் காவி எழுதிக்கொள்வது வழக்கம். எங்கள் வீட்டிலும் முதுகில் அக்கி வந்தபோது எழுதியிருக்கிறோம், மனதுக்கு ஒரு தெம்பு. ஆனால் காதில் வந்தால் எழுதிவிட்டு வந்து உட்காரக் கூடாது. வைரஸ் மருந்தும் ஸ்டீராய்டும் மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் முகம் நேராகும் வாய்ப்பு அதிகம். கண் மூடவில்லை என்றால் கண்ணுக்கும் சொட்டு மருந்து வேண்டும், உலர்ந்து புண்ணாகிவிடும்.

இரைச்சல் நிற்கவே இல்லை. பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கிறது.

எனக்கு இடது காதில் சில்வண்டு. மூன்று வருடமாக. காது அனுப்பாத சத்தத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது என்று விளக்கம் சொன்னார்கள். முதல் இரண்டு மாதம் தூங்க விடவில்லை. நிசப்தம்தான் அதற்குத் தீனி. அதனால் ராத்திரி மின்விசிறி ஓடட்டும், மெல்லிய ரேடியோ ஓடட்டும். காது மெஷின் போட்டால் சிலருக்கு அதிலேயே அடங்கும். நாளாக ஆக, கடைக்குள் தறித்துணி வாசனை மாதிரி ஆகிவிடும். இருக்கும், தோன்றாது. இதை நிறுத்துவதாகச் சொல்லி விற்கிற மாத்திரைக்குப் பணம் கட்டாதீர்கள், நான் கட்டினேன். இரைச்சல் நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தால் மட்டும் தனியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு காது நன்றாக இருக்கிறதே, அது போதாதா?

அமைதியான அறையில் போதும். கீழவாசலில் ரோடு தாண்டும்போது போதாது. சத்தம் எந்தப் பக்கம் வருகிறது என்று சொல்ல இரண்டு காதும் வேண்டும். ஒரு காதுக்காரனுக்கு எல்லா ஹாரனும் ஒரே பக்கம்தான். நான் இப்போது சத்தத்தை நம்புவதே இல்லை, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பேன். கல்யாணப் பந்தியில் இடது ஓரத்து இலையில் உட்காருவேன், எல்லோரும் என் வலது பக்கம் வரும்படி. கடையில் என் மேஜையைச் சுவர் இடது பக்கம் இருக்கும்படி மாற்றிக்கொண்டேன். அதற்கு முன் இடது பக்கம் நின்று இரண்டு தடவை கூப்பிட்டும் நான் திரும்பவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனார்.

ஓரளவு மிச்சமிருந்தால் காது மெஷின் உதவும். சுத்தமாகப் போயிருந்தால், அந்தப் பக்கச் சத்தத்தை நல்ல காதுக்கு அனுப்பும் மெஷின் இருக்கிறது, உள்காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. பிறவியிலேயே கேட்காத சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை செய்கிறார்கள், அங்கே தாமதம் கூடாது. மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலாவது இழப்பு இருக்க வேண்டும். ஒரு காது மட்டும் என்றால் எதிர்பார்க்காதீர்கள்.

ஐஸ், தயிர் சாப்பிடலாமா? கொடைக்கானல் போகலாமா? வண்டி ஓட்டலாமா?

சாப்பிடலாம். ஐஸ் உள்காதுக்குப் போகாது. கொடைக்கானல் பஸ்ஸில் முதல் இரண்டு மாதம் வேண்டாம், பிறகு முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டு போகலாம், போனைப் பார்க்கக் கூடாது. டூவீலர், தலையை வேகமாகத் திருப்பியும் ரோடு அசையாமல் நிற்கும் நாளிலிருந்து. ஏணி, தென்னை மரம், மொட்டைமாடிச் சுவர் வேண்டாம். கிணற்றிலும் கண்மாயிலும் குதிப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். தண்ணீருக்குள் கண்ணும் தெரியாது, பாதமும் பாவாது, எது மேல் என்றே தெரியாமல் போகலாம்.

டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்?

ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் காது, என்றைக்கு, எத்தனை மணிக்குத் தொடங்கியது. அதற்கு எத்தனை நாள் முன் காய்ச்சல். சுற்றல் ஒவ்வொரு தடவையும் விநாடியா, மணிக்கணக்கா, நாள்கணக்கா. இதுவரை போட்ட மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள், பெயரை மனதில் வைத்துச் சொல்லப் பார்க்காதீர்கள். சர்க்கரை, பிரஷர், வயிற்றுப்புண் இருந்தால் கேட்காமலே சொல்லுங்கள். பழைய ஆடியோகிராம் இருந்தால் அதுவும். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். நான் பத்திரமாக இருக்கட்டும் என்று செய்துகொண்டு போனேன், அடுத்த தேதிக் குறியைப் பக்கத்தில் போட இடமில்லாமல் டாக்டர் பேனாவை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.